கொல்லாஜனின் வடிவைக் கண்டவர்

உல்லாஸ்நகரிலிருந்து நாள்தோறும் லோக்கல் வண்டியில் ஆய்வுக்கூடம் செல்பவன் நான். உயிரணுக்கள் தங்கி வளர்வதற்கேற்ற செயற்கைக் கூழ் செய்வது என் வேலை. சென்ற பருவத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் கொண்டு ஒரு கூழ் செய்தேன். கண்ணாடிபோல் தெளிவாக, நீருண்டு அழகாக உப்பியது. ஆனால் அதன்மேல் விட்ட அணுக்களில் ஒன்றுகூட ஒட்டவில்லை. பக்கத்துத் தட்டில், கொல்லாஜன் கூழில் இட்டவையோ காலூன்றிப் பரவிவிட்டன. இரண்டு மாத உழைப்பு வீண்! அந்தச் சோர்வில்தான் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனின் வரலாற்றைப் படித்தேன்.

கொல்லாஜன் நமக்குப் புதிதன்று. என் தாத்தா தாராவியில் பதனிட்ட தோலெல்லாம் பெரும்பாலும் அந்தப் புரதமே. அதன் வடிவத்தைக் கண்டவர் இராமச்சந்திரன்.

அவர் 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சியில் கற்று, மின்பொறியியல் பயிலப் பெங்களூர் சென்றவரைப் பௌதிகத்துக்கு இழுத்துக்கொண்டவர் சர் சி. வி. இராமன். கேம்பிரிட்ஜ் சென்று திரும்பியபின், 1952-ல், முப்பது வயதிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறைத் தலைவரானார்.

சென்னைக்கு வந்த பெர்னால் என்ற விஞ்ஞானி, கொல்லாஜனின் வடிவம் இன்னும் புதிராகவே இருப்பதைச் சொல்லிச் சென்றார். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ்-கதிரில் ஆராய்ந்தார்கள். 1954-ல் மூன்று இழை வடிவை வெளியிட்டார்கள். மறு ஆண்டே, மூன்றும் முறுக்கிய கயிறுபோல் பின்னியவை என்று திருத்தினார்கள். உள்ளே இடம் அவ்வளவு குறுகல்! ஆகவே இழைதோறும் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச் சிறிய கிளைசினே அமர முடியும்.

கிரிக்கும் ரிச்சும் மறுத்தார்கள். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்பது குற்றச்சாட்டு. ஹைட்ரஜன் பிணைப்பின் எண்ணிக்கையில் அவர்கள் கூற்றே பின்னர் நிலைத்தது, அதை மறைப்பானேன்? ஆனால் நெருக்கத்தைப்பற்றி இராமச்சந்திரன் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று, அறிந்த படிகங்களிலெல்லாம் தேடி அளவு தொகுத்தார். அத்தேடலிலிருந்து பிறந்ததே, இராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடன் 1963-ல் வெளியிட்ட இராமச்சந்திரன் வரைபடம். புரத வடிவங்களை இன்றும் அதில் வைத்தே சரிபார்க்கிறார்கள். 2001-ல் சென்னையில் அவர் மறைந்தார்.

படித்து முடித்ததும் என் பழைய கூழைக் கொட்டிவிடவில்லை. மூன்றாமிடந்தோறும் கிளைசின் அமைந்த சிறு பெப்டைடுகளை அதில் பிணைத்திருக்கிறேன். நேற்று மாலை அணுக்களை விட்டேன். திங்கட்கிழமை காலை முதல் வண்டியில் போய்ப் பார்க்கவேண்டும்.