ஓம் என்னும் ஆசிரியர்

வெப்பநிலை மாறாதிருக்கும்போது, ஒரு கடத்தியில் பாயும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். பள்ளிப் பருவத்தில் நாம் அனைவரும் மனப்பாடம் செய்த விதி இது. தேர்வில் எளிதாக மதிப்பெண் பெற்றுத் தரும் இந்த ஒரு வரியைக் கண்டறிந்த ஜார்ஜ் சைமன் ஓம், அதற்குரிய மதிப்பைப் பெற நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1789ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஓம் பிறந்தார். தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளி; தாமே முயன்று கணிதம் கற்று, பிள்ளைகளுக்கும் கற்பித்தவர். ஓம் பத்து வயதில் தாயை இழந்தார். 1805இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் நடனத்திலும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் பொழுதைக் கழிக்கவே, தந்தை சினந்து படிப்பை நிறுத்திவிட்டார். ஸ்விட்சர்லாந்து சென்று ஆசிரியப் பணி செய்துகொண்டே தாமாகக் கணிதம் பயின்று, 1811இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1817இல் கொலோன் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியரானார். அங்கே நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. கம்பியின் நீளம் கூடக்கூட மின்னோட்டம் எவ்வாறு குறைகிறது என்று அளக்க முற்பட்டார். ஆனால் அக்கால மின்கலங்களோ அளந்துகொண்டிருக்கும்போதே வலுவிழந்தன. எனவே பொகண்டார்ஃப் என்னும் அறிஞரின் யோசனைப்படி, பிஸ்மத்தும் தாமிரமும் இணைந்த வெப்ப மின்னிரட்டையைக் கைக்கொண்டார். ஒரு சந்தியைக் கொதிநீராலும் மற்றொன்றைப் பனிக்கட்டியாலும் தத்தம் மாறா வெப்பநிலையில் நிறுத்தினார். வெப்பநிலை வேறுபாடு மாறாதவரை மின்னியக்கு விசையும் மாறவில்லை. ஒரே தடிமனும் வெவ்வேறு நீளமும் கொண்ட எட்டுத் தாமிரக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, மின்னோட்டத்தின் அளவைக் காந்த ஊசியின் விலகலால் அறிந்தார்.

1826இல் உண்மை புலப்பட்டது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது கம்பியின் தடை மட்டுமன்று. மூலத்தின் உள்தடை முதலாகச் சுற்றிலுள்ள அனைத்துத் தடைகளின் கூட்டுத்தொகையே. மின்சுற்றை ஒரு முழுப்பொருளாகக் காண வேண்டும் என்பதே அவர் கற்பித்த பெரும் பாடம்.

அரைச் சம்பள விடுப்பில் பெர்லின் சென்று, 1827இல் இக்கொள்கையை நூலாக வெளியிட்டார். பல்கலைக்கழகப் பதவி கிட்டும் என்று நம்பினார். கிட்டியதோ புறக்கணிப்பு. மனம் நொந்து 1828இல் கொலோன் வேலையையும் துறந்தார். சிறு வேலைகளில் ஆண்டுகள் கழிந்தன. 1833இல் நியூரம்பர்க்கில் பேராசிரியரானார். 1841இல் லண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் வழங்கியது. இளமை முதல் விரும்பிய பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பதவி மியூனிக்கில் 1852இல்தான் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 63. இரண்டே ஆண்டுகளில், 1854 ஜூலை 6ஆம் நாள், அவர் மறைந்தார். 1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றது.

மாணவ நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் தடைப்பெட்டியின் மேல் ஓம் என்ற அலகைக் காணும்போது, கொதிநீருக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே பொறுமையுடன் ஊசியைப் பார்த்து நின்ற அந்தப் பள்ளி ஆசிரியரை நினைவு கொள்வோம். அளவீட்டில் நேர்மை இருந்தால், பாராட்டு காலம் தாழ்ந்து வந்தாலும் உண்மை நிலைத்து நிற்கும்.