வினா மாறினால் வகுப்பு மாறும்

கொல்லிமலையின் பைல் நாட்டில் ஒரு பள்ளியில் சாமையைப் பற்றிய பாடம் நடப்பதாகக் கொள்வோம். சாமையின் பயன்களைக் கூறுக என்றால், மாணவி புத்தகத்தின் நான்கு வரிகளை ஒப்பிப்பாள். சாமையையும் மரவள்ளியையும் ஒப்பிட்டு, மழை குறைந்த ஆண்டில் எதை விதைக்கலாம் என்று காரணத்துடன் முடிவு செய்யச் சொன்னால், தாயுடன் களையெடுத்தபோது கற்றதெல்லாம் விடையில் வந்து சேரும். இரண்டு வினாக்களையும் வேறுபடுத்துவது வினைச்சொல். அது கோரும் சிந்தனையைப் படிநிலைகளாக வகுத்துத் தந்தவர் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம்.

ரஷியாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்கு, 1913 பிப்ரவரி 21 அன்று பென்சில்வேனியாவின் லான்ஸ்ஃபோர்டில் பிறந்தவர் அவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் டைலரிடம் பயின்று, 1942-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1943 முதல் 1959 வரை அப்பல்கலைக்கழகத்தின் தேர்வாளராகப் பணியாற்றினார். வினாத்தாள் மனப்பாடத்தை மட்டுமே கேட்டால் வகுப்பறையும் அதோடு நின்றுவிடும் என்பதை அப்பணி அவருக்கு உணர்த்தியது.

1948-இல் பாஸ்டனில் கூடிய கல்லூரித் தேர்வாளர்களிடையே எழுந்த யோசனை, அவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1956-இல் நூலாக வெளிவந்தது. அறிதல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், தொகுத்தல், மதிப்பிடுதல் என ஆறு படிகளை அது வகுத்தது.

இந்தியாவுக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, 1953-இலேயே தேர்வுச் சீர்திருத்தத்தை வலியுறுத்தியிருந்தது. 1957-இல் இந்தியா வந்த புளூம், மதிப்பீடு குறித்த பயிலரங்குகளை நடத்தினார். மறு ஆண்டு மத்தியத் தேர்வுப் பிரிவு உருவானது.

போதிய காலமும் உதவியும் கிடைத்தால் பெரும்பாலான மாணவர்கள் பாடத்தில் தேர்ச்சி பெறுவர் என்று 1968-இல் அவர் வாதிட்டார். திறமை சிலரது பிறப்புரிமை என்ற எண்ணத்தை அது அசைத்தது. 1999 செப்டம்பர் 13 அன்று அவர் மறைந்தார். ஈராண்டு கழித்து, அவருடைய மாணவர் ஆண்டர்சனும் சக ஆசிரியர் கிராத்வோலும் அப்படிகளைத் திருத்தி, பெயர்ச்சொற்களை வினைச்சொற்களாக்கினர். நினைவுகூர்தலில் தொடங்கும் வரிசை, படைத்தலில் முடிந்தது.

இன்று பல கல்லூரி வினாத்தாள்களில் ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே புளூமின் நிலை குறிக்கப்படுகிறது. ஆனால், பகுத்தாய்க என்று தொடங்கும் வினாவுக்கும் குறிப்பேட்டில் உள்ள விடையையே எதிர்பார்த்தால், மாறியது சொல் மட்டுமே. பொருளியல் பேராசிரியராக நானும் குறிப்பு வரைக என்ற வினாக்களை ஆண்டுக்கணக்கில் எழுதியவன். என் மாணவர்களில் எத்தனை பேர் சந்தைக்குப் போய் விலையை விசாரித்து, ஒப்பிட்டு, காரணம் தேடியிருக்கக்கூடும் என்பதை ஓய்வுக்குப் பிறகே எண்ணிப் பார்க்கிறேன்.

பாடக்குறிப்பு எழுதும் ஆசிரியர், தாம் என்ன நடத்தப் போகிறோம் என்பதற்கு முன், மாணவர் என்ன செய்யப் போகிறார் என்பதை எழுதட்டும். பைல் நாட்டுச் சிறுமிக்கு மலை ஏற்கெனவே நிறையக் கற்பித்திருக்கிறது; அதை வெளிக்கொணரும் வினாவைக் கேட்பது நம் கடமை.