27 ஸ்டிரைக் அவுட் எடுத்த பையன்... பேஸ்பாலின் 'நாற்றங்கால்' மனிதர் பிராஞ்ச் ரிக்கி கணித்தது என்ன, நடந்தது என்ன?

1952 மே 13. அமெரிக்காவில் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் என்ற சின்ன ஊர். கடைநிலை லீக் ஆட்டம் ஒன்றில் 19 வயது ரான் நெச்சாய் பந்து வீச வருகிறார். வயிற்றுப்புண் வேறு அவரைப் படுத்தி எடுக்கிறது. ஆட்டம் முடிந்தபோது அவர் கணக்கில் 27 ஸ்டிரைக் அவுட்!

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு: கிரிக்கெட்டில் பவுலர் மாதிரி இங்கே பிட்சர். பேட்டருக்கு மூன்று ஸ்டிரைக் விழுந்தால் ஸ்டிரைக் அவுட். 9 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 3 பேர், மொத்தம் 27 அவுட். வழக்கமாக அதில் பெரும்பகுதி ஃபீல்டர்கள் பிடித்தும் மடக்கியும் வருவது. 9 இன்னிங்ஸ் தொழில்முறை ஆட்டத்தில் 27 ஸ்டிரைக் அவுட் எடுத்தவர் வேறு யாரும் இல்லை.

பையனின் தாய் அணி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். அதை நடத்தியவர் அப்போது 70 வயதான பிராஞ்ச் ரிக்கி. இளம் வீரரை எடைபோடுவதில் அமெரிக்காவே மதித்த கண் அவருடையது. அவர் நெச்சாயை ஜாம்பவான் டிஸ்ஸி டீனின் வரிசையில் வைத்தார். கணிப்பு பலித்ததா? அதற்கு முன், இந்த ரிக்கி யார்?

'42' படம் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஹாரிசன் ஃபோர்டு நடித்த பாத்திரம்தான் ரிக்கி. 1947-ல் ஜாக்கி ராபின்சனை புரூக்ளின் டாட்ஜர்ஸில் இறக்கி, பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்தவர். ஆனா அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி போனது வேறொரு கேள்வியில்: 18 வயதுப் பையனின் கையைப் பார்த்து, நாலு வருஷம் கழித்து அவன் என்ன ஆவான் என்று சொல்ல முடியுமா?

1881-ல் ஓஹையோவில் பிறந்தவர். ஆட்டக்காரராகப் பெரிதாக ஜொலிக்கவில்லை. 1907-ல் அவர் கேட்சராக நின்ற ஒரே ஆட்டத்தில் எதிரணி 13 பேஸ்களைத் திருடியது. மதப்பற்றால் ஞாயிறு ஆட மாட்டார். காசநோயில் விழுந்து எழுந்து, மிச்சிகன் பல்கலையில் சட்டம் படித்தார், அங்கேயே பயிற்சியாளரும் ஆனார். அப்போது கண்ணில் பட்ட மாணவர் ஜார்ஜ் சிஸ்லர், நல்ல பிட்சர். பிறகு செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியில் ரிக்கியிடமே வந்து சேர்ந்த சிஸ்லர், பிட்சிங்கை விட்டு பேட்டராக மாறினார். 1920-ல் 257 ஹிட் அடித்தார். அந்தச் சாதனையை உடைக்க 2004-ல் இச்சிரோ வர வேண்டியிருந்தது.

சரி, நாற்றங்கால் கதைக்கு வருவோம்.

அடுத்து ரிக்கி போன செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஏழை அணி. அந்தக் காலத்தில் மைனர் லீக் அணிகள் தனித்தனி முதலாளிகளுடையவை. நல்ல பையன் கிடைத்தால் அதிக விலை தருபவருக்கு விற்றுவிடுவார்கள். ஏலத்தில் கார்டினல்ஸ் தோற்றுக்கொண்டே இருந்தது. ரிக்கி யோசித்தார்: நாற்றை எதற்கு விலைக்கு வாங்கணும், நாற்றங்காலையே வாங்கிவிட்டால்? 1919 தொடங்கி சின்ன ஊர் அணிகளில் பங்குகளை வாங்க ஆரம்பித்தார். 1940 வாக்கில் சொந்தமாக மட்டும் 30-க்கும் மேற்பட்ட அணிகள். இன்று எல்லா பெரிய அணியும் வைத்திருக்கும் 'ஃபார்ம் சிஸ்டம்' இதுதான். அவர் காலத்தில் கார்டினல்ஸ் 4 முறை உலகத் தொடரை வென்றது.

பிட்சரிடம் அவர் முதலில் பார்த்தது கையின் வேகம். அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்று நம்பினார். குறி தவறுகிறதா? அதைப் பழக்கலாம். டாட்ஜர்ஸுக்குப் போனபின் வீரோ பீச் பயிற்சி முகாமில் கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டி, ஸ்டிரைக் எல்லையைச் சதுரமாகக் கண்முன் நிறுத்தினார். அதற்குள் போடு, போட்டுக்கிட்டே இரு. 1947-ல் ஆலன் ராத் என்ற புள்ளியியலாளரை முழுநேர வேலைக்கு வைத்து, ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு எழுத வைத்தார். 'மணிபால்' பேச்செல்லாம் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்னால்!

இவ்வளவு இருந்தும், ஸ்டார்ட்டிங் பிட்சர் என்றால் கணிப்பு வழுக்கும். ஆட்டத்தைத் தொடங்கி பல இன்னிங்ஸ் தனியாளாக வீசுகிற வேலை அது. ஒரே பேட்டர் மூன்றாவது முறை வரும்போதும் ஏமாற்ற வேண்டும். வேகம் மட்டும் பத்தாது. தோள், முழங்கை தாங்கணும். அது எப்போது விடும் என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

டிஸ்ஸி டீனையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிக்கியின் நாற்றங்காலில் வளர்ந்து 1934-ல் 30 வெற்றி. 1937 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் பந்து பட்டு கால் விரல் முறிந்தது. ஆறுவதற்குள் திரும்பி வந்து, வலிக்காமல் இருக்க வீச்சை மாற்ற, தோள் போனது. அடுத்த வசந்தத்தில் ரிக்கி அவரை சிகாகோ கப்ஸுக்கு 1,85,000 டாலருக்கும் 3 வீரர்களுக்கும் விற்றுவிட்டார். ஸ்டான் மியூசியலும் பிட்சராகத்தான் தொடங்கினார். 1940-ல் தோளில் அடிபட்டபின் பேட்டராகி 3,630 ஹிட் அடித்தார். கை போனதால் கிடைத்த லாபம்!

அதனால் ரிக்கியின் உண்மையான விடை கணிப்பு இல்லை, எண்ணிக்கை. நூற்றுக்கணக்கானோரைச் சேர், காத்திரு, சிலர் தேறுவார்கள். தேறாதவர்கள்? அங்கேதான் இடிக்கிறது. குறைந்த சம்பளத்தில் வருஷக்கணக்கில் சின்ன ஊர்களில் கிடந்தார்கள். நினைத்தாலும் வேறு அணிக்குத் தாவ ஒப்பந்தம் விடாது. வீரர்களை விற்ற லாபத்தில் ரிக்கிக்குப் பங்கும் உண்டு. 1938-ல் பேஸ்பால் ஆணையர் லேண்டிஸ், ஒரே லீக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளை கார்டினல்ஸ் மறைமுகமாகப் பிடியில் வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, 70-க்கும் மேற்பட்ட வீரர்களை விடுவித்தார். ராபின்சனுக்குக் கதவைத் திறந்த அதே மனிதர்தான் இவரும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

நெச்சாய்க்கு வருவோம். பிரிஸ்டலில் 43 இன்னிங்ஸுக்குள் 109 ஸ்டிரைக் அவுட். அந்த ஆகஸ்ட்டிலேயே பைரேட்ஸ் அவரை மேலே ஏற்றியது. 112 தோல்வி கண்ட அந்த சீசனில் அவசரம் யாருக்கு இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. 12 ஆட்டங்களில் 1 வெற்றி, 6 தோல்வி. அடுத்த ஜனவரியில் ராணுவம் அழைத்தது. வயிற்றுப்புண்ணால் திருப்பி அனுப்பியது. திரும்பியவர் அவசரமாகப் பயிற்சி செய்ய, தோள் கிழிந்தது. பெரிய லீக்கில் அவர் மறுபடி வீசவே இல்லை.

அதே 1952-ன் கடைசியில் டாட்ஜர்ஸின் மைனர் பட்டியலில் இருந்து ரிக்கி எடுத்துக்கொண்ட இன்னொருவர் ராய் ஃபேஸ். உயரம் 5 அடி 8 அங்குலம்தான். வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் பந்து ஒன்றைக் கற்க, 1954-ல் அவரை மறுபடி மைனர் லீக்குக்கே அனுப்பினார்கள். ஃபோர்க்பால் கற்றுத் திரும்பினார். ஸ்டார்ட்டராக இல்லை, ஆட்டத்தை முடித்துவைக்கும் ரிலீவராக 1959-ல் 18 வெற்றி, 1 தோல்வி. 1960-ல் பைரேட்ஸ் சாம்பியன் ஆனபோது அணியில் இருந்தார். ரிக்கி அதற்குள் பொறுப்பில் இல்லை.

1965 நவம்பரில் மிசௌரியில் ஒரு பாராட்டு விழா மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்தார். டிசம்பர் 9-ல் மறைந்தார். அவருடைய ஆவணங்கள் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. 1950, 60-களில் அவர் தயாரித்த வீரர் மதிப்பீட்டு அறிக்கைகளை ஆன்லைனிலேயே படிக்கலாம். அவற்றில் பல பெயர்களை இன்று பேஸ்பால் ரசிகர்களுக்கே தெரியாது.