ஆயிரம் பிராங்க் தாளில் இருந்த எறும்புக்காரர்

நாரந்தனை, கரம்பன், புங்குடுதீவு, வேலணை என்று எங்கள் தீவகத்திலிருந்து எண்பதுகளில் சுவிஸுக்குப் போனவர்களுக்கு அந்த ஊதா நிறத் தாள் ஞாபகம் இருக்கும். ஆயிரம் பிராங்க். உணவகங்களில் கோப்பை கழுவிய எங்கள் ஆட்களின் கைக்கு அது லேசில் வரவில்லை. வந்தாலும் மறுநாளே உண்டியலில் ஊருக்குப் போய்விடும். அந்தத் தாளின் முன்பக்கத்தில் தாடி வைத்த கிழவர் ஒருவர் இருப்பார். பின்பக்கத்தில் எறும்புகள் ஊரும். எழுபதுகளின் இறுதியில் வெளியான அந்தத் தாளை 2000ஆம் ஆண்டில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அந்தக் கிழவர்தான் ஒகுஸ்ட் ஃபோரெல். மூளையைப் படித்த வைத்தியர், எறும்பைப் படித்த விஞ்ஞானி. இலங்கையின் எறும்புகள் பலவற்றுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவரும் அவர்தான். உயிரியல் படிப்பித்தவன் என்ற முறையில் எனக்கு அவரைப் பற்றி எழுத நெடுநாள் ஆசை. இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

1848 செப்டெம்பர் 1ஆம் திகதி, ஜெனீவா ஏரிக்கரையில் மோர்ஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். தாய் மிகவும் பயந்த சுபாவம் உள்ளவர். பிள்ளையை வெளியே தனியாக விடமாட்டார், மற்றப் பிள்ளைகளோடு விளையாடவும் விடமாட்டார். முற்றத்தைத் தாண்டாத அந்தப் பொடியனுக்குக் கிடைத்த கூட்டாளிகள் நத்தைகளும் குளவிகளும் எறும்புகளும். செல்லடிக் காலத்தில் பங்கருக்குப் பக்கத்திலேயே வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இது விளங்கும். தூரம் போக முடியாத பிள்ளை, கிட்ட இருப்பதை உற்றுப் பார்க்கும்.

சூரிச்சில் மருத்துவம் படித்தார். 1874இல், இருபத்தாறு வயது நிறைந்த ஆண்டில், சுவிற்சர்லாந்தின் எறும்புகளைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். டார்வினே அதைப் படித்துப் பாராட்டினார். அதே காலத்தில் மியூனிக் நகரில் மனித மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டிருந்தார். மூளையின் ஆழத்தில் ஒரு பகுதி இன்றும் ஃபோரெலின் புலம் என்றே அழைக்கப்படுகிறது. நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய வலையல்ல, தனித்தனியானவை, தொட்டுக்கொண்டு செய்தி கடத்துபவை என்று 1887இல் எழுதினார். பின்னால் வந்த நரம்பியலின் அத்திவாரங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் எனக்குப் பிடித்த ஃபோரெல், 1878இல் எறும்பின் வயிற்றைத் திறந்து பார்த்தவர்.

எறும்பை இனம் காண நிறத்தைப் பார்த்துப் பயனில்லை. முதலில் இடுப்பைப் பார்க்க வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒடுங்கிய இடத்தில் முடிச்சு ஒன்றா இரண்டா? கொட்டினால் நெருப்புப் பட்டதுபோல எரியுமே, அந்தச் சின்னச் சிவத்த எறும்புக்கு இரண்டு. மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறுக்கு ஒன்று. அடுத்ததாக வயிற்றின் நுனி. முசுறுக்குக் கொடுக்கு இல்லை. அது கடித்துவிட்டு, வயிற்று நுனியில் உள்ள வட்டத் துவாரத்தால் அமிலத்தைப் பீச்சும். சீனிப் போத்தலுக்குள் ஏறும் மிகச் சிறிய எறும்பு ஒன்று உண்டு, தலை கறுத்து உடல் வெளிறியிருக்கும். அதற்கும் கொடுக்கு இல்லை. நசித்தால் ஒருவித நாற்றம் வரும். வயிற்றின் பின்புறச் சுரப்பியிலிருந்து வரும் நாற்றம் அது.

வெளியே பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும் இந்தக் கூட்டங்களைப் பிரிக்க, ஃபோரெல் நஞ்சுப் பையையும் பின்புறச் சுரப்பிகளையும் இரைப்பைக்கு முன்னால் உள்ள சிறிய வால்வையும் ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார். எறும்பின் உடலே இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். அதற்குள் இருக்கும் வால்வு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அந்த வால்வின் அமைப்பையும் சுரப்பிகளையும் வைத்து, கொடுக்கிழந்து நாற்றத்தால் தற்காத்துக்கொள்ளும் எறும்புகளை ஒரு தனிக் கூட்டமாகப் பிரித்தார். டோலிகோடெரைன் என்ற அந்தப் பிரிவு இன்றும் நிற்கிறது.

அந்த வால்வுக்கு வேறொரு வேலையும் உண்டு. எறும்புக்கு வயிறு இரண்டு. முன்னால் இருப்பது பை. குடித்த தேனும் சாறும் முதலில் அதற்குள்தான் சேரும். பின்னால் இருப்பதுதான் அதன் சொந்த இரைப்பை. நடுவில் நிற்கும் வால்வு, தனக்குத் தேவையான துளியை மட்டும் பின்னால் விடும். மிச்சம் பைக்குள்ளேயே இருக்கும். பசித்த இன்னொரு எறும்பு வந்து உணர்கொம்பால் தட்டிக் கேட்டால், அதை வாயால் எடுத்துக் கொடுக்கும். ஃபோரெல் அந்தப் பையைச் சமூக வயிறு என்றார். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத் திண்ணைகளில் கஞ்சி வாளியைக் கைமாற்றிய எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1879 முதல் 1898 வரை சூரிச்சின் புர்க்ஹோல்ஸ்லி மனநோய் வைத்தியசாலையின் பணிப்பாளராக இருந்தார். அங்கு குடிகாரர்களைத் திருத்த அவரால் முடியவில்லை, ஆனால் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளிக்கு அது முடிந்தது. காரணம் கேட்டபோது, தான் குடிப்பதில்லை, வைத்தியரோ குடிக்கிறார் என்றாராம் அந்த மனிதர். ஃபோரெல் குடியை விட்டார். குடிநோயாளருக்கென்று ஒரு புகலிடத்தையும் தொடங்கிவைத்தார். ஊருக்கு ஊர் சாராயத் தவறணை திறந்திருக்கும் எங்கள் நாட்களில் இந்தக் கதையைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

அதே வைத்தியசாலையில் இன்னொன்றும் நடந்தது. மனநோயாளர் சிலர் பிள்ளை பெறக் கூடாது என்று அவர் நம்பினார், அவர்களுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தார். மனித இனங்களை உயர்ந்தது தாழ்ந்தது என்று தரம் பிரித்தும் எழுதினார். பெண்களின் உரிமைக்கும் உலக சமாதானத்துக்கும் குரல் கொடுத்த அதே ஆள்தான் இதையும் எழுதினார். அக்காலத்துப் படித்தவர் பலரும் அப்படித்தான் என்று சொல்லித் தப்பவிட என்னால் முடியாது. வாழத் தகுதியானவர் யார் என்று ஒரு மேசையில் இருந்து தீர்மானிப்பது எங்கே போய் முடியும் என்பது எங்கள் சனத்துக்கு நன்றாகத் தெரியும்.

ஃபோரெலுக்கு இலங்கை எறும்புகள் தபாலில்தான் போயின. திருகோணமலைப் பக்கத்தில் சேகரித்த யேர்பரி என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரியின் பெயரை 1893இல் ஓர் எறும்புக்கே வைத்தார். 1892 தொடக்கம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் இந்தியாவினதும் இலங்கையினதும் எறும்புகளைப் பகுதி பகுதியாக விவரித்தார். 1911இல் இலங்கைக் கறையான்களைப் பற்றி வந்த ஒரு ஜெர்மன் நூலுக்கும் எறும்புப் பகுதி அவருடையதே.

இலங்கை எறும்புகளில் மிக அபூர்வமானதற்குப் பெயர் வைத்தவர் ஃபோரெல் அல்ல, அவரைப் போலவே 1848இல் பிறந்த இத்தாலிய நண்பர் கார்லோ எமெரி. 1892இல் சிமோன் என்ற பிரெஞ்சுக்காரர் இலங்கையில் பிடித்துச் சென்ற சிறிய மஞ்சள் எறும்புக்கு அவர் அடுத்த ஆண்டு அனியூரெட்டஸ் சிமோனி என்று பெயர் வைத்தார். அது ஃபோரெல் பிரித்துவைத்த எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கும் எறும்பு. உடல் டோலிகோடெரைன் சாயல், ஆனால் வயிற்று நுனியில் நல்ல கொடுக்கு. இடுப்பில் நீண்ட காம்போடு ஒரே முடிச்சு, நெஞ்சின் பின்புறத்தில் இரண்டு முட்கள். கொடுக்குள்ள பழைய எறும்புகளுக்கும் கொடுக்கிழந்தவற்றுக்கும் இடையிலான பாலம் என்று அதைச் சொல்லலாம். அதன் உறவுகள் எல்லாம் உயிர்ச்சுவடுகள்தான். உயிரோடு எஞ்சியது இந்த ஒன்று மட்டும், அதுவும் இலங்கையில் மட்டும். 1955இல் எட்வர்ட் வில்சன் என்ற இளம் அமெரிக்கர் கண்டியில் தேடிக் காணாமல், இரத்தினபுரிக்குப் பக்கத்தில் கிலிமலை மழைக்காட்டில் உக்கிய மரத்துண்டுகளுக்குள் அதன் கூடுகளைக் கண்டார். ஒரு கூட்டில் நூறு எறும்புகூட இராது. காடு அழிந்தால் அதுவும் அழியும் என்ற பட்டியலில் இன்று இருக்கிறது.

ஃபோரெலுக்கு 1912இல் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. எறும்பின் வயிற்றை வெட்டிய கை, ஊசியில் குத்திய கை, எழுதிய கை, எல்லாம் அந்தக் கைதான். அப்போது அவருக்கு 63 வயது.

இதுதான் நான் முன்பு சொன்ன மற்றக் காரணம். 2009இல் ஒரு செல் துண்டு என் வலக்கையின் விரல்களைக் கொண்டுபோனது. இடக்கையில் சோக் கட்டியைப் பிடித்துக் கரும்பலகையில் ஓர் எழுத்தைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எழுத்து வலமும் இடமும் சாயும், கை வலிக்கும். அதைவிட மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வலிக்கும். எங்களில் எத்தனையோ பேர் ஒரு கையோடும் ஒரு காலோடும் மிச்சத்தைப் பழகினார்கள். அவர்களைப் பற்றி ஒருவரும் நூல் எழுதவில்லை. ஃபோரெலுக்கு வீடும் வசதியும் பெயரும் இருந்தன, அதையும் மறக்கக் கூடாது.

ஆனாலும் அவர் இடக்கையால் எழுதப் பழகினார். இவோர்ன் என்ற ஊரில் எறும்புப் புற்று என்று பெயர் வைத்த தன் வீட்டில் இருந்துகொண்டு, 1921 முதல் 1923 வரை எறும்புகளின் சமூக வாழ்வைப் பற்றி ஐந்து பாகங்களில் நூல் வெளியிட்டார். பாரிசவாதத்துக்குப் பிறகு பத்தொன்பது வருடம் இருந்து, 1931 யூலை 27இல் அந்த வீட்டிலேயே காலமானார்.

அவர் சேர்த்த எறும்புகள் ஜெனீவா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எங்கள் தீவிலிருந்து போனவர்களின் பிள்ளைகள் டிராமில் பள்ளிக்கூடம் போகும் அதே நகரம். இலங்கை எறும்பு ஒன்றின் பெயரில் சந்தேகம் வந்தால், ஆய்வாளர்கள் அங்கே இருக்கும் அந்தச் சின்ன ஊசிகளைத்தான் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள்.