தொட்டே குறை கண்டவர்

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1890-ல் பிறந்தவர் ரால்ப் டீட்டர்.

ஐந்து வயதில் கத்தி ஒன்று தவறி அவர் கண்ணில் பாய்ந்தது. ஒரு கண் போயிற்று. ஓராண்டுக்குள் மற்றொரு கண்ணும் போய்விட்டது!

பெற்றோர் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்த்தார்கள். குடும்பத் தொழில், தண்டவாளத்தில் ஓடும் சிறு வண்டிகள் செய்வது. பட்டறைதான் சிறுவனுக்கு விளையாட்டு மைதானம். பன்னிரண்டு வயதில், உறவுக்காரப் பையனுடன் சேர்ந்து ஒரு காரையே செய்து ஓட்டவிட்டார்.

1912-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் என்ஜினீயர் பட்டம் பெற்றார். அப்புறம் முதல் உலக யுத்தம் வந்தது. போர்க் கப்பல்களின் டர்பைன் உருளைகள் வேகமாகச் சுழலும்போது எடை சமமாக இல்லாவிட்டால் அதிரும். எங்கே எடை கூடுதல்? டீட்டர் விரலை வைத்துப் பார்த்தே அதைச் சரி செய்தார். பின்னாளில் பிஸ்டன் ரிங் செய்யும் 'பெர்பெக்ட் சர்க்கிள்' கம்பெனிக்குத் தலைவரானார்.

வக்கீலின் கார்

அவருடைய வக்கீல் ஒருவர் காரில் அவரை அழைத்துப் போவார். வக்கீல் பேசினால் கார் மெதுவாகப் போகும். பேச்சை நிறுத்திக் கேட்க ஆரம்பித்தால் வேகம் பிடிக்கும். இப்படி முன்னும் பின்னும் தள்ளாடும் பயணம் டீட்டருக்கு எரிச்சல் மூட்டியது. என்ஜினில் குறை இல்லை. குறை, ஓட்டுபவரின் காலில்தான் என்று கண்டுகொண்டார்.

காரின் வேகத்தைத் தானே ஒரே அளவில் வைத்திருக்கும் கருவியைச் செய்யப் பல ஆண்டுகள் உழைத்தார். 1950-ல் காப்புரிமை கிடைத்தது. குறித்த வேகம் வந்ததும் பெடல் காலை எதிர்த்துத் தள்ளும். பிறகு, பெடலைப் பிடித்து வைக்க மின்காந்தமும் சேர்ந்தது. 1958-ல் கிறைஸ்லர் கார்களில் இது விற்பனைக்கு வந்தது. அதற்குக் 'குரூஸ் கன்ட்ரோல்' என்று பெயர் வைத்தது காடிலாக்.

சின்ன ஸ்விட்ச்

மின்சாரம் வந்ததும் ஒரு கவலையும் கூடவே வந்தது. பிரேக்கை மிதித்தும் கருவி விடாமல் ஓட்டினால் என்ன ஆகும்? ஆபத்து அல்லவா! அதனால்தான் பிரேக் பெடலில் ஒரு ஸ்விட்ச் உண்டு. மிதித்தவுடன் கருவி விட்டுவிடும்.

இந்த ஸ்விட்ச் கெட்டுப் போனால், பிரேக் மிதிபட்டே இருப்பதாகக் கார் எண்ணிக்கொள்ளும். கருவி வேலை செய்யாது. பின்பக்கச் சிவப்பு விளக்கும் அணையாமல் எரியலாம். ஆகவே மெக்கானிக் முதலில் ப்யூஸைப் பார்ப்பார். அடுத்து இந்த ஸ்விட்சையும் அதன் கம்பிகளையும் பார்ப்பார். அது இருக்கும் இடமோ இருட்டு. பல சமயம் கையால் தடவித்தான் எடுக்க வேண்டும்.

டீட்டர் 1982-ல், தம் 91-வது வயதில் காலமானார்.