வெள்ளைச் சேலையோடு மேடையேறிய கொடுமுடி கோகிலம்

திருவிளையாடல் படத்தில் ஔவையாராக வந்து பாடும் கே. பி. சுந்தராம்பாளை எம்மில் அறியாதவர் குறைவு. அந்தக் குரலின் கதையில் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு.

1908இல் கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறுவயதில் ரயிலில் பாடிக் காசு சேர்த்தார். பின்னர் வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்து சிறுவர் வேடங்களில் நடித்தார். நாடகம் அவரை இலங்கைக்கும் அழைத்து வந்தது. 1926இல் இங்குதான் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் மேடையில் இணைந்தார். இருவரும் பாடிய வள்ளி திருமணத்துக்குக் கொட்டகைகள் நிரம்பி வழிந்தன. மேடை இணை வாழ்விலும் இணைந்தது. ஆனால் அந்த வாழ்வு நிம்மதியாக நிலைக்கவில்லை. 1933இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25.

நகைகளைக் கழற்றி வெள்ளைக் கதர் உடுத்தினார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என உறுதி எடுத்தார். மேடையைவிட்டே ஒதுங்கியவரைத் தலைவர் சத்தியமூர்த்தி மீண்டும் பாட அழைத்தார். சுதந்திரப் போராட்ட மேடைகளில் அவர் குரல் ஒலித்தது.

1935இல் வெளியான நந்தனார் படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அந்நாளில் ஊரே வியந்த தொகை அது. அதில் அவர் ஏற்றது ஆண் வேடம். அடுத்து மணிமேகலை, 1953இல் ஔவையார், 1964இல் பூம்புகாரில் கவுந்தியடிகள். எல்லாமே துணையின்றித் தனித்து நிற்கும் பாத்திரங்கள். தன் உறுதியையும் விடவில்லை, தொழிலையும் விடவில்லை. சென்னை சட்டமன்ற மேலவையிலும் உறுப்பினராக அமர்ந்தார். துணைவன் படப் பாடலுக்காக 1969ஆம் ஆண்டின் தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீயும் வந்தன. 1980இல் மறைந்தார்.

விதவை எதிரே வந்தால் சகுனப்பிழை என்ற சமூகம்தான், வெள்ளைச் சேலையில் நின்ற இவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. ஔவையாரின் ஆசியாக அவர் குரலைக் கேட்டது.

போர் எத்தனையோ பெண்களின் துணையைப் பறித்துவிட்டது. அவர்களில் பலர் மொன்றியலில் தனியே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைகளின் திருமணத்தில் ஆரத்தித் தட்டு வேறு கைக்குப் போகிறது. பெற்ற தாய் பின்வரிசையில் நிற்கிறாள். சுந்தராம்பாளின் பாட்டை வீட்டில் பக்தியோடு கேட்கும் நாம், அந்தத் தாயின் கையில் தட்டைக் கொடுக்க இனியும் ஏன் தயங்கவேண்டும்?