டாக்டர் பிரான்ஸிஸ் டே

காஞ்சிமாநகரைச் சூழ்ந்த ஏரிகளில் தூண்டிலிடுவார்க்கு இந்நாளில் அடிக்கடி அகப்படுவது ஜிலேபிக் கெண்டை. அது ஆப்பிரிக்க மீன். 1952-இல் இந்நாட்டிற்குக் கொணரப்பட்டது. அயல்நாட்டு மீனை நம் நீரிற் குடியேற்றும் எண்ணமோ அதனினும் மிகப் பழையது. அவ்வெண்ணத்தால் முன்னமே உழைத்த ஒருவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

டே என்பார் 1829-இல் இங்கிலாந்தின் ஸஸெக்ஸ் மாகாணத்திற் பிறந்தார். வைத்தியம் பயின்று, 1852-இல் கும்பினியாரின் சென்னைச் சேனையில் உதவி வைத்தியராக அமர்ந்தார். கொச்சியில் இருந்த காலத்தே அவருள்ளம் மீன்களின்பாற் சென்றது. மலையாள நாட்டு மீன்களைப்பற்றி அவரெழுதிய நூல் 1865-இல் வெளிவந்தது.

நீலகிரியின் உச்சி ஓடைகளில் நீர் குளிர்ந்து தெளிந்திருந்தும் பெருமீன்கள் அரியனவாயிருந்தன. சீமை டிரவுட் மீனை ஆங்கு வளர்க்கக் கருதி டே 1863-இல் முயன்றார். சூயஸ் கால்வாய் திறவாத காலம் அது. குளிரிலன்றி உயிர்தரியாத முட்டைகள் வெப்பக்கடலையும் சமவெளி வெயிலையும் கடந்து மலையேறுதல் எளிதோ? முயற்சி வீணாயிற்று. மறு ஆண்டிலேயே, பனிக்கட்டியிடைப் பாசியிற் பொதிந்து கப்பலேற்றிய முட்டைகள் டாஸ்மேனியாத் தீவை உயிருடன் எட்டின. அத்தீவின் ஆறுகளில் டிரவுட் பெருகிற்று. 1882-இல் இலங்கையின் மலையோடைகளுக்கும் அது வந்தது. டேயின் கனவு நீலகிரியிற் பலித்தது, வில்ஸன் என்பார் 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் நிறுவிய பின்னரே. அதனைக் காண டே உயிரோடில்லை.

எம் மதியில் அவர் புகழுக்கு நிலைக்களன் டிரவுட் அன்று. மீன்துறைத் தலைமை அதிகாரியாகி அவர் நம் ஆறுகளை ஆராய்ந்தார். சிறுகண் வலைகள் குஞ்சுகளை வாரிக்கொள்வதையும், அணைகள் மேலேறும் மீன்களைத் தடுப்பதையும் 1873-இல் அரசாங்கத்தார்க்கு எடுத்துரைத்தார். 1875 முதல் 1878 வரை வெளிவந்த அவரது பெருநூலில் இந்திய மீன்கள் படங்களுடன் விளக்கப்பெற்றுள்ளன. செம்படவர் வாயிலாக வழங்கிய தமிழ்ப் பெயர்களும் அதில் உண்டு. புதியன புகுமுன் நம் நீர்நிலைகளில் எவை இருந்தன என்று அறிய விரும்புவார்க்கு அந்நூலே இன்றும் துணை. புதியதைக் கொணர முனைந்தவரே பழையதையும் எழுதிவைத்தார் என்பது வியப்பன்றோ!

இலண்டன் அருங்காட்சியகத்துக் குந்தர் என்பாரோடு அவர்க்குப் பிணக்கு உண்டு. அதனாற் போலும், அவர் திரட்டிய மீன்களுட் பெரும்பகுதி 1883-இல் ஸிட்னி நகர் சென்றது. 1889-இல் செல்டனம் நகரில் டே காலமானார்.

திருவிதாங்கூர் மலையடியில் முண்டக்கயத்திற் கண்ட, செங்கோடு தீட்டிய சிறுமீன் ஒன்றிற்குச் சென்னைக் கவர்னர் டெனிஸன் துரையின் பெயரை அவர் இட்டிருந்தார். அயல்நாட்டார் கண்ணாடித் தொட்டிகளில் விரும்பி வளர்ப்பதால், அம்மீன் இப்போது தன் சொந்த ஆறுகளிலேயே அருகிவருகின்றது.